நாலு குறில், ஒரு மைக்

பையர் மைக்கை நீட்டினால் எதைப் பாடுவது? ஜப்பான் ஆர்டர் பார்க்கும் திருப்பூர்க்காரர்கள் மெதுவான பாட்டைத் தேடுகிறார்கள்.

இரவு ஒன்பதரை. திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு பேக்கரிக்கு எதிரே நிற்கும் காரில் நான்கு கண்ணாடிகளும் ஏறியிருக்கின்றன. ஏ.சி.யும் ஓடவில்லை. அந்தச் சத்தத்தில் பாட்டு காதில் விழாதாம். ஓட்டும் சீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒரு மெர்ச்சண்டைசர். மடியில் ஏதோ ஒரு டி-சர்ட்டின் அளவுப் பட்டியல். முன்பக்கத்தில் மார்புச் சுற்றளவும் கை நீளமும். பின்பக்கத்தில் பேனாவால் தமிழில் எழுதிய ஜப்பானியப் பாட்டு. போனில் இசை ஓடுகிறது. நெற்றி வியர்வையைத் துடைத்தபடி பாடுகிறார், நிறுத்துகிறார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

“ஏனுங்க, இந்த எடத்துல மூச்சு எங்கீங்க உடறது?” என்று பக்கத்து சீட்டில் இருக்கும் என்னைக் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை.

இன்னும் பன்னிரண்டு நாளில் ஒசாகாவில் பையர் மீட்டிங். பகலில் துணி, விலை, டெலிவரி தேதி. ராத்திரி சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் கரோக்கி. போன தடவை பையனின் பேச்சைக் கேட்டு ‘டீமன் ஸ்லேயர்’ அனிமே பாட்டான ‘குரெங்கெ’யை எடுத்திருக்கிறார். “ரெண்டாவது வரிக்கே வண்டி என்னைய உட்டுட்டுப் போயிருச்சுங்க. திரையில எழுத்து ஓடுது, நான் பின்னால ஓடறேன். எல்லாரும் நல்லா கை தட்டுனாங்க. அதுதான் இன்னும் அவமானம்.” இந்த முறை மெதுவான பாட்டு என்று முடிவு செய்துவிட்டார். வீட்டில் பாடினால் கிண்டல், கம்பெனியில் பாடினால் அதைவிடக் கிண்டல். அதனால்தான் கார். “பேர் போட்றாதீங்க. அப்பறம் ஆயுதபூஜைக்கு மேடை ஏத்திருவாங்க.”

இவர் ஒருவர் கதையல்ல இது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை அனுப்பும் இந்த ஊரில் வேறு சந்தைகளின் பெயர்கள் சட்டென்று அடிபட ஆரம்பித்தன. ஜப்பான் அவற்றில் ஒன்று. இத்தனைக்கும் அந்தக் கதவு 2011 ஆகஸ்ட் 1 முதல் திறந்தே கிடக்கிறது. இரு நாட்டுப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் அன்றுதான் அமலுக்கு வந்தது. நம் ஆயத்த ஆடைகள் ஜப்பானுக்குள் சுங்க வரியில்லாமல் போகலாம். ஆனாலும் அங்கே சீனாவும் வியட்நாமும் வங்கதேசமும் முன்னால் நிற்க, நாம் வரிசையில் பின்னால் நிற்கிறோம். பழகிய இடத்தில்தான் வாங்குவேன் என்பது ஜப்பானியர் குணம். பழக்கம் வளருவது பகல் மீட்டிங்கில் மட்டுமல்ல, ராத்திரி மைக்கிலும்தான்.

கோபே நகரத்து முதலாளி

பிசினஸ் விருந்தில் பாடத் தெரியாமல் விழித்த முதல் ஆள் நம் மெர்ச்சண்டைசர் இல்லை. கரோக்கி பிறந்ததே அப்படி விழித்த ஒருவரால்தான்.

1970-களின் தொடக்கம். ஒசாகாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள துறைமுக நகரம் கோபே. அங்கே மதுக்கூடங்களில் பாடுகிறவர்களுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார் டைசுகே இனோவே. ஸ்வரக் குறிப்பு பார்த்து வாசிக்கத் தெரியாது, எல்லாம் காதுப் பழக்கம். அவருடைய வாடிக்கையாளர்களில் ஒரு சிறிய கம்பெனியின் முதலாளி இருந்தார். தாளத்தில் நிற்காத குரல். இனோவே மட்டும் அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிற்கிற இடத்தில் நின்று வாசித்து அவரைக் கரையேற்றுவார். அந்த முதலாளி ஒரு நாள் வெளியூரில் வியாபாரப் புள்ளிகளைச் சந்திக்கப் போக வேண்டியிருந்தது. அங்கே பாடச் சொல்வார்கள் என்பது நிச்சயம். உடன் வரச் சொன்னார். இனோவேயால் போக முடியவில்லை. அவருடைய பாட்டுகளுக்கான பின்னணி இசையை மட்டும், அவர் குரலுக்கு ஏற்றபடி வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார்.

முதலாளி சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். இனோவேக்குப் பொறி தட்டியது. 1971-ல் காசு போட்டால் பாடும் ‘8 ஜூக்’ பெட்டிகள் 11 தயாராகி, கோபேயின் மதுக்கூடங்களுக்கு வாடகைக்குப் போயின.

அதாவது கரோக்கி, நன்றாகப் பாடுகிறவனுக்காக உண்டான கருவி அல்ல. பாட்டு ஆளுக்காக நின்று கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் யோசனை. மெதுவான பாட்டைத் தேடுகிறோமே என்று கூச்சப்படுகிற திருப்பூர்க்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிச் செய்தி: வெற்று வாத்தியக் குழு

‘கர’ என்றால் வெறுமை. ‘ஒகெ’ என்பது ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லின் ஜப்பானிய வடிவத்தை வெட்டிக் குறுக்கியது. பாடகர் இல்லாத வாத்தியக் குழு. நாம் சொல்வது போல ‘கரோக்கி’ அல்ல. க-ர-ஒ-கெ, நாலும் குறில்.

இனோவேக்கு முன்பே, 1967-ல், தோக்கியோவில் ஷிகெயிச்சி நெகிஷி என்பவர் ‘ஸ்பார்கோ பாக்ஸ்’ என்ற பெட்டியைச் செய்திருந்தார். இவர் 2024 ஜனவரியில், 100 வயதில் காலமானார். இனோவே தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. கோடிகள் கைநழுவிப் போனாலும் 2004-ல் நையாண்டிப் பரிசான இக் நோபலில் அமைதிக்கான விருது கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் பழக்கியதற்காகவாம்.

தனி அறையில் பாடும் ‘கரோக்கி பாக்ஸ்’ 1980-களின் நடுவில் ஒகயாமா பகுதியில் வந்தது. பழைய சரக்குக் கண்டெய்னரைத்தான் முதலில் அறையாக்கினார்கள். கண்டெய்னர் என்றால் ஷிப்மென்ட் தேதி மட்டுமே ஞாபகம் வரும் நம் ஊருக்கு இது புதுச் சேதியாக இருக்கலாம்.

மெதுவானது வேறு, சுலபமானது வேறு

‘மெதுவான ஜப்பானியப் பாட்டு’ என்று போனில் தேடினால் பட்டியல் பட்டியலாக வந்து விழும். அதை அப்படியே நம்பிப் போனவர்கள் பலர் மாட்டியிருக்கிறார்கள்.

‘அக தோம்போ’வை எடுத்துக்கொள்ளுங்கள். செந்தும்பியைப் பற்றிய குழந்தைப் பாட்டு. மிகி ரோபூவின் 1921-ம் ஆண்டுக் கவிதைக்கு 1927-ல் கோசாக்கு யமதா மெட்டமைத்தார். தாலாட்டு வேகம்தான். ஆனால் கீழே மந்தரத்தில் ஆரம்பித்து ஒரே மூச்சில் மேலே தாவிவிடும். ஒரு முழு ஸ்தாயியையும் தாண்டிய அகலம் அதற்கு. கீழ் ஸ்வரம் வசதியாக இருக்கிறதே என்று ஆரம்பித்தால் மேலே போகும்போது குரல் கிழியும். மேலே சரியாக வைத்தால் கீழே காற்றுதான் வரும்.

ஹிபாரி மிசோராவின் ‘கவ நோ நகரெ நோ யோ நி’ இன்னொரு பொறி. 1989 ஜனவரியில் வெளியாகி, அதே ஆண்டு ஜூனில் அவர் மறைந்ததும் நாட்டுக்கே சொத்தாகிவிட்ட பாட்டு. ஆற்றின் ஓட்டத்தைப் போல வாழ்க்கை என்பது பொருள். ஓட்டம் நிதானம்தான். பல்லவி வந்ததும் ஸ்வரங்களை நீட்டிப் பிடித்து, அசைத்து, இறக்க வேண்டும். மெதுவான பாட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை. வேகமான பாட்டில் விழுங்கிவிடுகிற பிசிறு இதில் பட்டப்பகலில் தெரியும். தவிர, அந்த அறையில் வயதான ஒருவர் இதைத் தன் பாட்டாக வைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் அகலம்: மேலுக்கும் கீழுக்கும் ஒரு ஸ்தாயியை ஒட்டி முடிந்துவிட்டால் நிம்மதி. அடுத்து மூச்சு: வரிக்கு வரி இடைவெளி விடுகிறதா என்பது. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. ஒரு தாளத் தட்டுக்குள் எத்தனை எழுத்தைத் திணித்திருக்கிறார்கள்? 2023-ல் ஜப்பானைக் கலக்கிய யோவாசோபியின் ‘ஐடல்’ நிமிடத்துக்கு 166 தட்டு ஓடுகிறது, அதற்குள்ளும் சொற்களை அடைத்து வைத்திருக்கிறது. பழைய பாட்டுகளிலோ பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு ஸ்வரம். இங்கேதான் தமிழ் நாக்குக்கு ஒரு சலுகை இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் படித்தது

கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. தமிழாசிரியர் இதை மனப்பாடம் செய்யச் சொன்னபோது என்றாவது ஒசாகாவில் உதவும் என்று யார் நினைத்தோம்? ஜப்பானிய மொழி இதே கணக்கில்தான் நடக்கிறது. அவர்களுடைய அலகை மொழியியலாளர்கள் ‘மோரா’ என்பார்கள். குறில் ஒன்று, நெடில் இரண்டு. உயிரும் ஐந்தே: அ, இ, உ, எ, ஒ. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தக் குறில், நெடில் வித்தியாசத்தைப் பிடிக்கவே மாதக்கணக்கில் திணறுவார்கள். நமக்குப் ‘படு’வும் ‘பாடு’வும் குழம்புமா?

இதை வைத்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் தமிழும் ஜப்பானியமும் உறவு என்று 1980-களிலிருந்து எழுதிக் குவித்தார் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் காட்டிய சான்றுகள் வேறு, சொற்களும் சடங்குகளும் பற்றியவை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். கரோக்கிக்கு மாத்திரைக் கணக்கு போதும்.

நம் ஊர் டெய்லர்கள் பாதி ஜப்பானியம் ஏற்கெனவே பேசுகிறார்கள். ஜூகி, பெகாசஸ், யமாட்டோ, கன்சாய் என்று நாள் முழுக்க உச்சரிக்கும் மெசின் பெயர்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. ‘ஜூகி’யில் ஜூ நெடில், கி குறில், ஜப்பானியர் சொல்வதும் அதே அளவில்தான். ஆனால் அந்த நாட்டின் நகரத்தைச் சொல்லும்போது கோட்டை விடுகிறோம். நாம் ‘ஒசாகா’ என்று நடுவையும் கடைசியையும் நீட்டுகிறோம். அவர்களுக்கு முதலெழுத்துதான் நெடில், மற்ற இரண்டும் குறில். இந்தக் கட்டுரையிலும் பழக்கத்துக்காகத் தப்பாகவே எழுதியிருக்கிறேன்.

சலுகை இருக்கிற இடத்திலேயே சறுக்கலும் இருக்கிறது. நமக்கு மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் தனித்து நிற்கும் ‘ன்’னுக்கும், இரட்டித்து வரும் ஒற்றுக்கும் முழுசாக ஒன்று. ‘சென்செய்’ என்றால் ஆசிரியர். நம் காதுக்கு அது இரண்டு அசை, அவர்கள் பாட்டில் அது செ-ன்-செ-இ என்று நாலு ஸ்வரம். ‘ன்’னுக்கே ஒரு ஸ்வரம் போட்டு வைத்திருப்பார்கள். தமிழ்க்காரர் அதை விழுங்கிவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவினால் அங்கிருந்து பாட்டு முழுக்கத் தாளம் தப்பும். காருக்குள் நம் நண்பர் மூச்சு எங்கே விடுவது என்று கேட்டது அப்படி ஓர் இடத்தில்தான். மூச்சு விடுகிற இடமல்ல அது. வாயை மூடி ‘ன்’ பாட வேண்டிய இடம்.

மெதுவான பாட்டு வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமே இந்த அரை மாத்திரைதான். வேகமான பாட்டில் அந்த ‘ன்’னைத் திருத்த நேரமில்லை. நிதானமான பாட்டில் நாக்கு தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள ஒரு கணம் கிடைக்கிறது.

இன்னொரு தொல்லை எழுத்து. ‘தனக’ என்று தமிழில் எழுதிவைத்தால் கடைசி க-வை நம் வாய் தானாக மென்மையாக்கி ‘தனஹ’ என்றோ ஆங்கில ‘ga’ ஓசையிலோ பாடிவிடும் என்று ஒரு ஜப்பானிய மொழி ஆசிரியர் அலுத்துக்கொண்டார். வன்மைக்காக ‘தனக்க’ என்று எழுதினாலோ ஒரு மாத்திரை கூடிவிடும். நண்பர் இதற்குத் தன் தொழிலிலிருந்தே வழி கண்டுபிடித்திருக்கிறார். சாயக் கலருக்கு ஷேடு குறிப்பது போல, அழுத்திச் சொல்ல வேண்டிய க, த, ப எல்லாம் நீல மை. மென்மையாகச் சொல்ல வேண்டியவை சிவப்பு மை. ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடுகிறவர்களைவிட இது நூறு மடங்கு தேவலை. ஆங்கில எழுத்தில் எழுதினால் உச்சரிப்பும் இங்கிலீஷ் ஆகிவிடும். ‘த’ எல்லாம் ‘ட’ ஆகும். ஜப்பானியரின் ‘த’ நம் ‘த’வுக்குத்தான் பக்கம்.

மோகனமும் மல்லாரியும்

மெட்டிலும் நமக்கு ஒரு கை இருக்கிறது. ஜப்பானியப் பழைய சினிமாப் பாட்டு, பள்ளிப் பாட்டு, எங்கா எனப்படும் உருக்கமான பாட்டு எல்லாவற்றிலும் அடிக்கடி வரும் ஸ்வர வரிசைக்கு ‘யோனனுகி’ என்று பெயர். நாலாவதையும் ஏழாவதையும் எடுத்துவிட்டது என்று பொருள். ஸ ரி க ம ப த நி-யில் நாலையும் ஏழையும் எடுத்துப் பாருங்கள். ஸ ரி க ப த. மோகனம்! இதன் சோகமான தம்பியும் உண்டு; சிவரஞ்சனியில் தைவதத்தை ஒரு படி கீழே இறக்கினால் அது கிடைக்கும். கல்யாண வீட்டு மேடையில் மெல்லிசைக் குழு கேட்டு வளர்ந்த காதுக்கு இவை அந்நியமில்லை.

1977-ல் மசாவோ சென் பாடிய ‘கிதகுனி நோ ஹரு’ இந்த மோகனச் சாலையில் போவதுதான். இசை மினோரு எந்தோ. வடக்கே ஊரில் வசந்தம் வந்திருக்கும், பட்டணத்தில் பிழைக்க வந்தவனுக்கு அம்மாவிடமிருந்து ஒரு பார்சல் வருகிறது, திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கிறான். இவ்வளவுதான் கதை. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, வாரச் சம்பளத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்புகிறவர்களால் ஓடுகிற ஊர் திருப்பூர். பொருள் தெரிந்து இதைப் பாடுகிற திருப்பூர்க்காரன் முகத்தில் பாவம் தேடி வர வேண்டியதில்லை. சீனா முழுக்க இந்த மெட்டு வேறு வேறு வரிகளில் பரவியதும் சும்மா இல்லை.

க்யூ சகமோதோவின் ‘உஎ ஒ முய்தெ அருகோ’வை உலகமே அறியும். 1961-ல் வந்தது, ரொக்குசுகே எய் எழுத, ஹச்சிதாய் நகமுரா மெட்டமைத்தார். சம்பந்தமே இல்லாமல் ஒரு சாப்பாட்டின் பெயரைச் சூட்டி, ‘சுகியாகி’ என்று அமெரிக்காவில் வெளியிட்டார்கள். 1963 ஜூனில் அங்கே மூன்று வாரம் முதலிடம். மெட்டில் பெரும்பகுதி மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். நடுவில் சீட்டி அடிக்கும் பகுதி வேறு இருக்கிறது. அந்த நேரம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். சீட்டி அடிக்கத் தெரிந்தால் அறையே உங்களுடையது. 1985 ஆகஸ்ட் 12 அன்று தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பி மலையில் மோதிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இறந்த 520 பேரில் சகமோதோவும் ஒருவர். ஒசாகாக்காரர்களுக்கு முன்னால் பாடும்போது இதைத் தெரிந்திருப்பது நல்லது.

தெற்கே ஒக்கினாவா தீவுகளின் ஸ்வர வரிசை வேறு: ஸ க ம ப நி. நம்மூரில் இதற்குப் பெயர் கம்பீரநாட்டை. சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் மல்லாரி முழங்குமே, அதே ராகம். இந்த வரிசையில் அமைந்த ‘தின்சகு நு ஹன’ ஒக்கினாவாவின் பழைய நாட்டுப் பாட்டு. காசித்தும்பைப் பூவை அரைத்து நகத்துக்குச் சாயம் ஏற்றுவது போலப் பெற்றோர் சொல்லை நெஞ்சில் ஏற்று என்பது அதன் கருத்து. சாயப்பட்டறை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்குமா? மொழி ஒக்கினாவா மொழி என்பதால் ஒசாகா பையருக்கே பாதி புரியாது. நீங்கள் தப்பாகப் பாடினாலும் தெரியாது.

பெட்டிச் செய்தி: எடுக்கலாம், யோசிக்கலாம், வேண்டாம்

*கண்ணை மூடி எடுக்கலாம்:* ‘புருசாதோ’. 1914-ம் ஆண்டுப் பள்ளிப் பாட்டு, இசை தெயிச்சி ஒக்கானோ. மூன்று தட்டில் நடக்கும், வரிக்கு வரி மூச்சு விடலாம், அகலமும் குறைவு. பிறந்த ஊரின் மலையும் ஆறும்தான் பொருள். கரோக்கியில் இதை எடுப்பது கொஞ்சம் பள்ளிக்கூடத்தனம் என்று சிரிப்பார்கள். சிரித்தபடியே சேர்ந்து பாடுவார்கள். உங்கள் குரல் அதில் மறைந்துவிடும்.

*ஒரு மாதம் பழகினால்:* ‘நத சோசோ’. ரியோகோ மொரியாமா இறந்துபோன தன் அண்ணனை நினைத்து எழுதியது. 2001-ல் ரிமி நட்சுகவா பாடிப் பரவியது. நிதானம். பல்லவியில் மட்டும் மேலே ஏறும்.

*இடமறிந்து:* ‘ஹன வ சகு’. 2011 மார்ச் 11 பூகம்பத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு என்.எச்.கே. வெளியிட்ட பாட்டு. எழுதிய ஷுன்ஜி இவாய், மெட்டமைத்த யோகோ கன்னோ இருவரும் பாதிக்கப்பட்ட மியாகி பகுதிக்காரர்கள். பாட எளிது. குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும் அறையில் பாடினால் கனத்த அமைதி விழும்.

*வேண்டாம்:* பையன் சொல்கிற எதுவும்.

அறைக்குள்ளே

பாட்டு தயார். இனி அறைக்குள் போகலாம். பலகை போன்ற ரிமோட்டில் பாட்டைத் தேடி அனுப்பினால் திரையில் வரிசையில் நிற்கும். ‘கன்ஜி’ எனப்படும் சீன வழி எழுத்துகளின் தலைக்கு மேலே பொடி எழுத்தில், ஹிரகானாவில், உச்சரிப்பு வரும். ஹிரகானாவின் 46 அடிப்படை எழுத்துகளைப் படித்துவிட்டவர்கள் அளவுப் பட்டியலின் முதுகை நம்ப வேண்டியதில்லை. ஸ்ருதியை அரை அரைப் படியாக ஏற்றி இறக்கும் பொத்தான் உண்டு, வேகத்தைக் குறைக்கவும் வழி உண்டு. பெண் குரல் பாட்டை ஆண் எடுக்கும்போது இந்தப் பொத்தான்தான் மானம் காக்கும். எத்தனை படி இறக்க வேண்டும் என்பதைத் திருப்பூரிலேயே கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

எழுதப்படாத சட்டங்களில் முதலாவது, பெரியவரின் பாட்டைத் தொடாதே. ஒவ்வொருவருக்கும் ஒரு ‘ஜூஹச்சிபன்’ இருக்கும். பதினெட்டாவது என்று பொருள். இச்சிகவா குடும்பத்தார் கபுகி நாடகங்களில் தங்களுக்கே உரியதென்று வைத்திருந்த பதினெட்டு நாடகங்களிலிருந்து வந்த வழக்கு. பையர் கம்பெனியின் பெரியவர் இருபது வருஷமாக ஒரே பாட்டைப் பாடி வந்திருப்பார். அதை நீங்கள் முந்திக்கொண்டு பாடினால், அதுவும் அவரைவிட நன்றாகப் பாடிவிட்டால், போச்சு. ஆகவே முதல் பாட்டை எடுக்காதீர்கள். மூன்று, நாலு பேர் பாடட்டும். அடுத்தவர் பாடும்போது போனை எடுக்காதீர்கள். நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒசாகாவில் இரவு ஒன்பது என்றால் திருப்பூரில் மாலை ஐந்தரை. பேக்கிங் செக்ஷனிலிருந்து போன் வந்துகொண்டேதான் இருக்கும்.

குடியைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. ஊலாங் தேநீரோடு உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெண் மெர்ச்சண்டைசர்களின் சிக்கல் தேநீரோடு தீர்வதில்லை. திருப்பூரில் பையரோடு மெயிலிலும் போனிலும் மல்லுக்கட்டி ஆர்டரை முடிக்கிறவர்களில் பெண்கள் ஏராளம். ஜப்பான் பயணம் என்று வந்தால், “ராத்திரி டின்னர் எல்லாம் இருக்கும்மா” என்ற ஒற்றை வாக்கியத்தில் ஆண் ஒருவருக்கு டிக்கெட் போட்டுவிடுகிற கம்பெனிகள் உண்டு. பாதுகாப்பு என்பது காரணமாகச் சொல்லப்படும். பழக்கத்தால் வளரும் சந்தையில், பழகும் இடத்திலிருந்தே ஒருத்தியை விலக்கிவிட்டு, பிறகு “அவங்களுக்குப் பையரைத் தெரியாது” என்று பதவி உயர்வையும் தள்ளிப்போடுவது என்ன நியாயம்? ஜப்பானிலும் கொரோனாவுக்குப் பிறகு ஆபீஸ் கும்பலாக ராத்திரி கிளம்பும் பழக்கம் குறைந்துவருகிறது. கரோக்கி அறைகள் பட்டப்பகலிலும் திறந்திருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் பாடலாம் என்று நாமே கேட்கலாம்; கேட்டுத்தான் பார்ப்போமே.

பாட்டு ஆர்டர் வாங்காது

ஒன்றைப் பட்டென்று சொல்லிவிட வேண்டும். பாட்டுக்கு மயங்கி ஜப்பான்காரர் ஆர்டர் தர மாட்டார். 1995-ல் அங்கே பொருள் பொறுப்புச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, துணிக்குள் ஒரு ஊசி முனை கிடந்தாலும் உற்பத்தியாளர் தலை தப்பாது. அதனால்தான் ஜப்பான் ஷிப்மென்ட் என்றால் பீஸ் பீஸாக நீடில் டிடெக்டரில் ஏற்றி இறக்குகிறோம். தையல் மெசினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிப் பிடித்து நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த லைன் நிற்கும். இந்த நோட்டை ஒழுங்காக வைத்திருக்கும் கம்பெனிக்கு முன்னால் நல்ல குரல் ஒன்றும் பெரிதில்லை.

ஆனால் இரண்டும் ஒரே குணத்தைத்தான் கேட்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானின் வகயாமா பகுதியைப் பின்னல் துணியின் ஊர் எனலாம். நம் ஊர் காலர் நிட்டிங்குக்குப் பெயர் போன ஷிமா செய்கி கம்பெனிக்கும் அதுதான் சொந்த ஊர். அங்கே ‘சுரியாமி’ என்ற பழைய வட்டப் பின்னல் மெசின்களை இன்னும் ஓட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணி. நம் நிட்டிங் கம்பெனிக்காரர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். நூலை இழுக்காமல், அதன் போக்கில் விட்டுப் பின்னுவதால் துணி பஞ்சு போல இருக்கிறது என்று அதற்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. வேகத்தை விற்றே வளர்ந்த நமக்கு மெதுவுக்கும் விலை உண்டு என்பது சட்டென்று விளங்காத கணக்கு.

இந்தப் பாட்டுகள் மீட்டிங் போகிறவர்களோடு நிற்கப் போவதும் இல்லை. 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் ஐந்து ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேர் இரு பக்கமும் போய்வர ஒரு திட்டம் அறிவித்தன. அதில் 50,000 பேர் இந்தியாவிலிருந்து போகும் திறனுள்ள பணியாளர்கள். தையலும் ஜவுளியும் 2024-ல்தான் ஜப்பானின் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் சேர்ந்தன. சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் போன்ற இடங்களில் ஜப்பானியம் படித்து, ஜூலையிலும் டிசம்பரிலும் மொழித் தேர்வு எழுதுகிற இளைஞர்களுக்கு ‘ன்’னுக்கு ஒரு மாத்திரை என்பது இலக்கணமாக ஏறாது. பாட்டாக ஏறும்.

எதிர்த்திசையிலும் பாட்டு போகிறது. 1970-ல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் எம்.ஜி.ஆர். படம்பிடித்ததை 1973-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தில் தமிழ்நாடே வாய் பிளந்து பார்த்தது. 1998-ல் ‘முத்து’ ஜப்பானுக்குப் போய் ரஜினிக்கு அங்கே ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. திருப்பூருக்கு வரும் பையர்களில் வயதானவர்கள் சிலருக்கு அந்தப் படம் தெரிந்திருக்கிறது. அதில் வரும் ‘ஒருவன் ஒருவன் முதலாளி’யை முதலாளிகள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறையில் பாடுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது, அதை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லாதவரை.

நம் நண்பர் ‘கிதகுனி நோ ஹரு’வைத்தான் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த மறுவாரம் அதே பேக்கரியில் பன் பட்டர் ஜாமோடு உட்கார்ந்து விவரம் சொன்னார். நாலாவது ஆளாகப் பாடியிருக்கிறார். ‘ன்’ எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. ஸ்ருதியைத்தான் குறிக்க மறந்துவிட்டார். மேலே ஏறும் இடத்தில் குரல் தடுமாறியிருக்கிறது.

“அந்தப் பெரியவரு ஒண்ணுமே பேசலீங்க. ரிமோட்டை எடுத்து, மெல்லமா ரெண்டு படி எறக்கி உட்டாருங்க. அப்பறம் கடைசி வரைக்கும் அவரும் கூடவே பாடுனாரு. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு.”

பிறகு?

“பிறகு என்னங்க, காத்தால மீட்டிங்ல உக்காந்தோம். பீஸுக்கு எட்டு யென் எறக்கச் சொன்னாரு.”